கினபாலு: சேர்வராயன் முடியும் உயரத்தில் தொடங்கும் மலை

இருபதாம் வளைவு | பிப்ரவரி 8, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. அஸ்தம்பட்டிக்காரன். பன்னிரண்டு வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிறவன். வயது 46. முட்டி இன்னும் சொன்னபடி கேட்கிறது.

மச்சினன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் கினபாலு மலை ஏறலாம் வாங்க என்று நச்சரிக்கிறான். மலேசியாவின் உயரமான மலை, போர்னியோ தீவில் சபா மாநிலத்தில் இருக்கிறது, 4,095 மீட்டர். சரி, என்னதான் என்று வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தூக்கிவாரிப்போட்டது. அங்கே பூங்கா அலுவலகம் இருக்கிற இடமே சுமார் 1,560 மீட்டர். நடை தொடங்குகிற திம்போகோன் கேட் 1,866 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் மலை 1,623 மீட்டர். நாம் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற உயரத்தில் அவர்களுக்கு டிக்கெட் கவுண்டரே வருகிறது!

என் சந்தேகம் இதுதான். ஏற்காட்டை இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் வருகிற மலையா அது, இல்லை வேறு ரகமா? குளிர், மழை, காடு எல்லாம் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடை செட் | பிப்ரவரி 8, இரவு 10.05

இரண்டரை ஏற்காடு என்றால் ஐம்பது கொண்டை ஊசி வளைவு. பேரை 'ஐம்பதாம் வளைவு' என்று மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணா. தென்கிழக்கு ஆசியாவிலேயே உயரமான மலை அதுதான். போய் வாங்க, நமக்கும் பெருமை.

அட்லஸ் வாத்தியார் | பிப்ரவரி 9, காலை 6.20

தம்பி தட்டுவடை, இந்தத் 'தென்கிழக்கு ஆசியாவிலேயே' கதையைப் பாதி இணையம் எழுதி வைத்திருக்கிறது. தப்பு. மியான்மரின் வடகோடியில் காகாபோ ராசி 5,881 மீட்டர். இந்தோனேசியாவின் புன்சாக் ஜயா 4,884 மீட்டர். அது நியூகினித் தீவில் நிற்பதால் ஆசியாவா ஓசியானியாவா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். காகாபோ ராசியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கினபாலு மலேசியாவுக்கு உயரமானது, போர்னியோவுக்கு உயரமானது. அந்தப் பெருமை போதாதா?

இருபதாம் வளைவுக்கு: குளிருக்குக் கணக்கு உங்கள் சைக்கிள் பாதையிலேயே இருக்கிறது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி, சில நாள் கொஞ்சம் கூடவே குறையும். சித்திரையில் கீழே 38 அடிக்கும்போது மேலே 30 என்று நாம் ஓடிப்போய் உட்கார்வது இதை நம்பித்தான். இதே கணக்கைச் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவின் கடற்கரையில் போடுங்கள். அங்கே சராசரி 27 டிகிரி. 4,095 மீட்டருக்கு 24, 25 டிகிரி கழியும். மிச்சம் இரண்டோ மூன்றோ. இது சராசரிதான். பகலில் வெயில் அடித்தால் பத்துப் பக்கம் போகும், விடியற்காலைக் காற்றில் பூஜ்யத்தைத் தொடும்.

அப்புறம் ஒன்று. கினபாலு 6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. கன்னியாகுமரியே 8 டிகிரி. இலங்கையின் காலி நகரத்துக்கு நேர் கிழக்கே கோடு இழுத்தால் கினபாலுவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால் சித்திரைக்கும் மார்கழிக்கும் அங்கே வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாதத்தை வைத்து ஸ்வெட்டர் எடுக்கிற ஊர் அல்ல அது, மணியை வைத்து எடுக்க வேண்டும். காலை பத்துக்கு ஒரு பருவம், ராத்திரி இரண்டுக்கு வேறொரு பருவம்.

மழைக்கு மட்டும் மாதம் உண்டு. அவர்களுக்கும் வடகிழக்குப் பருவக்காற்று இருக்கிறது. நவம்பர் தொடங்கி ஜனவரி தாண்டியும் கொட்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஒப்பிட்டால் மழை குறைவு. உங்கள் மச்சினன் விவரமானவர்தான்.

தட்டுவடை செட் | பிப்ரவரி 9, காலை 8.11

ஐயா மன்னிக்கவும், இனி அட்லஸைப் புரட்டாமல் வாய் திறக்க மாட்டேன். பூஜ்யம் என்கிறீர்களே, அப்போ பனிமலையா அது?

அட்லஸ் வாத்தியார் | பிப்ரவரி 9, காலை 8.30

இல்லை. சில விடியலில் பாறைக் குழியில் தேங்கிய நீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படியும், வெயில் வந்ததும் போய்விடும். பூமத்திய ரேகைப் பக்கம் பனி நிலையாக நிற்க இந்த உயரம் பற்றாது. புன்சாக் ஜயாவிலேயே மிச்சமிருந்த பனி கரைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கடந்த பனியுகத்தில், சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு, கினபாலு உச்சியில் பனியாறு இருந்தது. அது தேய்த்துவிட்டுப் போன தடம் அந்தப் பாறைகளில் இன்றும் தெரியும்.

ஆத்தூர் டு சபா | பிப்ரவரி 9, இரவு 11.52

ஆத்தூர்க்காரி எழுதுகிறேன். ஆறு வருடமாகக் கோத்தா கினபாலுவில் குடியிருப்பு. இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். ஒரு தடவை உச்சி, ஒரு தடவை வாந்தி.

அண்ணா, இரண்டரை ஏற்காடு என்ற கணக்கு பாதி சரி, பாதி தப்பு. திம்போகோன் கேட்டில் இறங்கியதும் நீங்கள் நம் ஊர் என்றுதான் சொல்வீர்கள். மூஞ்சியில் அடிக்கிற ஈரம், பாசி படிந்த மரம், ஓரத்தில் பெரணி, எங்கேயோ தண்ணீர் சத்தம். ஆனால் நம் ஊர் மாதிரி சில்வர் ஓக்கும் காப்பியும் கிடையாது. மனிதன் நட்டது எதுவுமே இல்லாத காடு. மரங்களில் பல நிஜமான ஓக், செஸ்ட்நட் குடும்பம்.

நடக்க நடக்க மரங்கள் குட்டையாகும். எனக்கு அதுதான் முதல் தடவை பெரிய ஆச்சரியம். 2,000 மீட்டருக்கு மேலே மேகம் குடியிருக்கிற காடு. கிளை முழுக்கத் தாடி மாதிரி பாசி தொங்கும். 2,700 பக்கம் மண் நிறமே மாறி, மரம் ஆள் உயரத்துக்கு வந்துவிடும், கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் காட்டுப்பூவரசு. நீலகிரியில் சிவப்பாகப் பூக்குமே, அதன் சொந்தக்காரர்கள் இங்கே பல ரகம், சிலது இடுப்பு உயரப் புதர். 3,272 மீட்டரில் பனலாபான் விடுதி. அதற்கு மேலே போகப் போகச் செடியும் இல்லை, மண்ணும் இல்லை. மொட்டைப் பாறை, கயிறு, நட்சத்திரம், அவ்வளவுதான்.

நடைமுறை: மொத்தம் 8.7 கிலோமீட்டர் ஏற்றம். முதல் நாள் 6 கிலோமீட்டர் நடந்து விடுதியில் தூக்கம். மறுநாள் ராத்திரி இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பி மிச்சம் 2.7 கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, விடுதிப் படுக்கை கிடைத்தால்தான் அனுமதி. மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்யுங்கள்.

ராத்திரியில் ஏன் என்றால், காலை ஒன்பது பத்து மணிக்கு மேகம் கீழிருந்து ஏறிவந்து மூடிவிடும். சரிவுகள் சூடாகி, கடல் ஈரத்தோடு காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாவது தினசரி வேலை. மத்தியானம் மழை பெய்தால் அந்தப் பாறை எண்ணெய் தடவிய தோசைக்கல்தான்.

இன்னொன்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து இரண்டரை மணி நேர விமானம். சபாவுக்குள் நுழைய உள்நாட்டு விமானத்தில் வந்தாலும் மறுபடி பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பயந்துவிடாதீர்கள்.

ஏமாந்த சோணகிரி | பிப்ரவரி 10, மதியம் 1.15

'படுக்கை கிடைத்தால்தான்' என்ற வரியை அடிக்கோடிடுங்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு பயண ஏஜெண்ட் எங்கள் நாலு பேரிடம் முழுப் பணம் வாங்கினார். பேர் வேண்டாம். பூங்கா கவுண்டரில் போய் நின்றால் எங்கள் பேரில் படுக்கையே இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டு நாள் பூங்கா அலுவலகத்தைச் சுற்றியிருக்கிற காட்டு வழிகளிலேயே திரிந்தோம்.

வயிற்றெரிச்சலோடு ஒன்று சொல்கிறேன், அந்த இரண்டு நாள் வீண் இல்லை. ஓடைக்கரையில் தொப்பி போட்ட ஓக் காய்கள் கோலிக்குண்டு மாதிரி கொட்டிக் கிடக்கும். மூன்றாம் நாள் ரானாவ் தாண்டிப் போரிங் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். போர்வெல் என்று நினைக்காதீர்கள், போரிங் என்பது அங்கே ஒரு வகை மூங்கிலின் பேர். வழியில் ஒரு வீட்டு வாசலில் 'ரஃப்லேசியா பூத்திருக்கிறது' என்று பலகை. காசு கொடுத்து அவர்கள் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தோம். முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரே பூ. இலை இல்லை, தண்டு இல்லை, காட்டுக்கொடியின் உடம்புக்குள் ஒட்டுண்ணியாக இருந்துவிட்டுப் பூக்க மட்டும் வெளியே வருகிறது. சில நாளில் கருகிவிடும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கல்யாணத்தை மட்டும் ஊரைக் கூட்டிச் செய்கிற மாதிரி.

ஆர்க்கிட் அக்கா | பிப்ரவரி 10, மாலை 5.48

சோணகிரி தம்பி, அந்த உவமைக்காகவே ஏஜெண்ட்டை மன்னிக்கலாம்.

வளைவுத் தம்பி, போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறதே, அங்கே குடுவைச் செடி வளர்க்கிறார்கள், போய்ப் பாருங்கள். மேகாலயாவின் காசி மலைப்பக்கச் செடி அது. இந்தியாவில் இயற்கையாக வளர்கிற ஒரே நெப்பந்தஸ், அதாவது இந்த வகைக் குடுவைச் செடி. இலை நுனி நீண்டு, தொங்கி, மூடி போட்ட குடுவையாகிறது. உள்ளே நீர். வழுக்கி விழுகிற பூச்சி செரித்து உரமாகிறது.

அதன் ராஜா கினபாலுவில் இருக்கிறது. நெப்பந்தஸ் ராஜா என்பதே பேர். சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக் என்ற வெள்ளைக்கார ராஜாவின் நினைவாக 1859-இல் ஹூக்கர் என்ற தாவர ஆராய்ச்சியாளர் வைத்த பேர். கினபாலுவிலும் பக்கத்து மலையான தம்புயுகோனிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. பெரிய குடுவை 40 சென்டிமீட்டர் உயரம், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்.

தட்டுவடை செட் | பிப்ரவரி 10, மாலை 6.02

அதுதானே எலியைத் தின்கிற செடி? வீடியோ பார்த்தேன். வீட்டு வாசலில் நாலு வைத்தால் போதும்.

ஆர்க்கிட் அக்கா | பிப்ரவரி 10, மாலை 6.40

எலி அதில் விழுந்து செத்துக் கிடந்தது உண்மை, ஆனால் அது எப்போதோ நடக்கிற விபத்து. செடியின் பிழைப்பு அது அல்ல. நிஜம் இன்னும் வேடிக்கையானது, கொஞ்சம் அசிங்கமானதும்கூட.

மூடியின் உள்பக்கம் தேன் மாதிரி ஒன்று சுரக்கும். மலை மூஞ்சூறு என்று ஒன்று, பார்க்க அணில் மாதிரி இருக்கும், அது குடுவை விளிம்பில் ஏறி உட்கார்ந்து மூடியை நக்கும். விளிம்புக்கும் மூடிக்கும் உள்ள தூரம் அதன் உடம்பு நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. முகம் மூடியில் இருந்தால் பின்பக்கம் நேராகக் குடுவை வாய்க்கு மேல். தின்கிறபோதே எச்சம் போடும். அதுதான் செடிக்கு வேண்டிய நைட்ரஜன். பகலில் மூஞ்சூறு வரும், ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு மலை எலி. ராஜா என்று பேர், வேலை கழிப்பறை. இதை விஞ்ஞானிகள் கவனித்து எழுதியே இருபது வருடம்கூட ஆகவில்லை.

ஆர்க்கிட் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும். எழுநூறு வகைக்கு மேல் அந்த ஒரு மலையில். அதில் ஒரு செருப்புப்பூ ஆர்க்கிட், வரி வரியாக இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கும். திருட்டு வியாபாரிகள் தோண்டித் தோண்டி அதைக் காட்டில் அரிதாக்கிவிட்டார்கள். பூங்காவின் பரப்பு 754 சதுர கிலோமீட்டர், நம் சேலம் மாவட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் ஐயாயிரம், ஆறாயிரம் வகைத் தாவரம். தமிழ்நாடு முழுக்க எண்ணினால் வருகிற பூச்செடி வகைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இருபதாம் வளைவு | பிப்ரவரி 10, இரவு 8.20

அக்கா, ஞாயிற்றுக்கிழமையே ஆர்க்கிட் தோட்டம் போகிறேன். இத்தனை வருடமாக அந்த கேட் வாசலில் சைக்கிளை நிறுத்தி வாழைப்பழம் தின்றிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

ஆனால் ஏன் அந்த ஒரு மலையில் மட்டும் இவ்வளவு? உயரம் மட்டும் காரணமாக இருக்க முடியாதே.

வெள்ளைக்கல் | பிப்ரவரி 11, காலை 5.30

இதற்குத்தான் காத்திருந்தேன். நான் செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். கல்லைப் பற்றி யாரும் பேசவே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வயசு. ஏற்காட்டு மலை சார்னோக்கைட் கல். சென்னை பரங்கிமலைக் கல்லும் அதுதான். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, சுமார் 250 கோடி வருடம் ஆனது. கினபாலு கிரானைட்டின் வயசு 70, 80 லட்சம் வருடம். எண்ணைக் கவனியுங்கள், ஒன்று கோடி, ஒன்று லட்சம். நம் மலை பல்லு போன பாட்டி, அது நேற்றுப் பிறந்த குழந்தை. அடியில் பாறைக்குழம்பாகத் திரண்டு, இறுகி, மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போக, தரை உயர, தலை வெளியே வந்தது. எரிமலை என்று சிலர் சொல்வார்கள், அல்ல. நம் மலை மேலே தட்டையாக, வயல் போடுகிற மாதிரி இருக்கிறதும், அது கொம்பு கொம்பாக நிற்கிறதும் இந்த வயசு வித்தியாசத்தில் வருகிறது. பாட்டிக்குக் கூர்மை எல்லாம் மழுங்கிவிட்டது.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த கிரானைட்டைச் சுற்றி இடுப்பில் கட்டிய மாதிரி வேறொரு கல் இருக்கிறது. மக்னீசியம், இரும்பு, நிக்கல், குரோமியம் மிகுந்த கருத்த கல். பூமியின் அடிவயிற்றிலிருந்து வந்தது. அது கரைந்து வருகிற மண்ணில் செடிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் குறைச்சல், வேண்டாத உலோகம் அதிகம். சாதாரணச் செடி வாழாது. ஆத்தூர் அம்மா 2,700 பக்கம் மண் நிறம் மாறி மரம் குட்டையானது என்றாரே, அது இந்தக் கல்தான். ராஜா குடுவைச் செடி வளர்வதும் இந்த மண்ணில்தான். மண்ணில் சோறு இல்லாததால்தான் மூஞ்சூறு எச்சத்துக்கு வாய் திறந்து நிற்கிறது.

இப்போது சேலத்துக்கு வாங்க. அதே குடும்பத்துக் கல் நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் ரயிலில் வரும்போது வெள்ளை வெள்ளையாக மேடு தெரிகிறதே, அதன் அடியில் இருப்பது டூனைட். அதுவும் மக்னீசியம் மிகுந்த அடிவயிற்றுக் கல்தான். அதன் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிற வெள்ளைக்கல்தான் மேக்னசைட், உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் ஆகிறது. அந்தக் கரட்டில் மரம் ஏன் வளரவில்லை என்று என் பேரன் கேட்டான். சுரங்கத்தால் என்று பாதி பதில் சொன்னேன். மீதிப் பாதி கல்.

அட்லஸ் வாத்தியார் | பிப்ரவரி 11, காலை 7.05

வெள்ளைக்கல் ஐயா, நான் முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியும் இதை இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கல்லோடு இன்னொரு காரணம், அந்த மலை ஒரு தீவு. சுற்றிலும் வெப்பக்காடு, நடுவில் குளிர்ந்த உச்சி. குளிர் பழகிய செடி கீழே இறங்கினால் சாகும், அவ்வளவு உயரமான வேறு மலை பக்கத்தில் இல்லை. மாட்டிக்கொண்ட செடி அங்கேயே தனியாக மாறி மாறிப் புது இனமாகிறது. வடக்கே இமயமலைப் பக்கத்து ஓக், காட்டுப்பூவரசு குடும்பமும் தெற்கே ஆஸ்திரேலியப் பக்கத்துச் செடிகளும் சந்திக்கிற இடமும் அதுதான்.

தட்டுவடை செட் | பிப்ரவரி 11, காலை 9.30

இவ்வளவு பேசுகிறோம், 2015 நிலநடுக்கத்தை யாரும் சொல்லவில்லை. உச்சியில் சில வெள்ளைக்காரர்கள் துணியில்லாமல் போட்டோ எடுத்தார்கள், மலைசாமி கோபப்பட்டுக் குலுக்கியது என்று படித்தேன். சிரிப்புத்தான் வந்தது.

ஆத்தூர் டு சபா | பிப்ரவரி 11, இரவு 10.44

சிரிக்க வேண்டாம் தம்பி. ஜூன் 5, காலை ஏழேகால் மணி, ரிக்டரில் 6. அந்த நேரம் மலைமேல் நூற்றுக்கு மேல் ஆட்கள். பாறை உருண்டு 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். வழிகாட்டிகளும் இருந்தார்கள், ஆட்களைக் காப்பாற்றப் போய் இறந்தவர்கள் உட்பட. கழுதைக் காது என்று பேர் வைத்த இரட்டைக் கொம்பில் ஒன்று உடைந்து விழுந்தது. போட்டோ எடுத்த கூட்டம் உச்சியில் நின்றது அதற்கு ஆறு நாள் முன்பு. பிடிபட்ட நாலு பேருக்குச் சில நாள் சிறையும் அபராதமும் விதித்தது கோர்ட்.

கோபத்தால் நிலம் ஆடியது என்று நானும் நம்பவில்லை. ஆனால் இங்குள்ள கடசான் டூசுன் மக்களுக்கு அது செத்தவர்களின் ஆவி போய்ச் சேருகிற மலை. முன்னோர்கள் குடியிருக்கிற இடம். ஏறுவதற்கு முன்னால் வெள்ளைக் கோழி பலி கொடுத்து அனுமதி கேட்கிற சடங்கு இன்றும் வருடந்தோறும் நடக்கிறது. செத்துப்போனவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நம் வீட்டு எழவில் யாராவது சிரித்தால் எப்படி இருக்கும்?

வெள்ளைக்கல் | பிப்ரவரி 12, காலை 5.40

குலுங்கியது அடியில் இருக்கிற பிளவு நகர்ந்ததால். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மே மாதம் சேர்வராயன் திருவிழாவில் குகைக் கோயிலுக்கு முன்னால் ஒருவன் அப்படி நின்றிருந்தால் மலைக்கிராமத்து ஜனங்கள் கோர்ட் வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள். அம்மா சொன்னதுதான் சரி.

தட்டுவடை செட் | பிப்ரவரி 12, காலை 9.02

தப்புதான் அக்கா. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

அட்லஸ் வாத்தியார் | பிப்ரவரி 12, காலை 9.40

சடங்கு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1851-இல் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி ஏறியதைத்தான் முதல் ஏற்றமாகப் புத்தகங்கள் எழுதுகின்றன. அவர் உச்சிப் பாறைவெளி வரைக்கும் போனார். உண்மையான உச்சிக்கொம்பைப் பார்த்து, சிறகு உள்ளது தவிர வேறெதுவும் அங்கே போகாது என்று எழுதிவிட்டுத் திரும்பினார். 1888-இல் ஜான் வைட்ஹெட் என்ற பறவை ஆராய்ச்சியாளர்தான் அதில் ஏறினார். ஆனாலும் அந்தக் கொம்புக்கு 'லோ சிகரம்' என்றுதான் பேர். ஏறாதவர் பேரில் உச்சி!

இருபதாம் வளைவு | ஏப்ரல் 27, இரவு 9.15

நண்பர்களே, போய் வந்துவிட்டேன். படுக்கைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சேலத்தை விட்டே கிளம்பினேன், சோணகிரி அண்ணனுக்கு நன்றி.

உச்சிக்குப் போகவில்லை.

முதல் நாள் ஆறு கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர் எனக்கு என்ன என்று நினைத்தேன். சைக்கிள் கால் வேறு, படிக்கட்டுக் கால் வேறு என்று இரண்டாவது கிலோமீட்டரிலேயே தெரிந்தது. ஒவ்வொரு படியும் முட்டி உயரம். என்னைத் தாண்டி ஒரு சுமை தூக்குகிற அம்மா கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். அதற்கு அப்புறம் நான் வாய் திறந்து புலம்பவில்லை.

காடு சுருங்குவதை ஆத்தூர் அக்கா சொன்னபோது புரியவில்லை, பார்த்தபோது புரிந்தது. கீழே அண்ணாந்து பார்த்த மரக் குடும்பத்தை மேலே குனிந்து பார்த்தேன். மண் மஞ்சளும் சிவப்புமாக மாறிய இடத்தில் நின்று வெள்ளைக்கல் ஐயாவை நினைத்துக்கொண்டேன். மச்சினனிடம் "இது கருப்பூர் கல்" என்றேன். உயரம் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மழையில் ஒரு காட்சி. பாதையில் செக்கச்சிவந்த அட்டை ஒன்று, ஒரு முழத்துக்குக் குறையாது. பதறிக் காலை எடுத்தேன். வழிகாட்டி சிரித்தார். அது ரத்தம் குடிக்காதாம், அந்த மலையின் ராட்சத மண்புழுவை நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சித் தின்னுமாம். அன்றைக்கு அதற்குப் புழு கிடைக்கவில்லை போல, எங்களைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டது.

பனலாபான் 3,272 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 635 மீட்டர் உயரம். என் வாழ்நாளில் அவ்வளவு உயரத்தில் தூங்கியதில்லை, அங்கேயும் தூங்கவில்லை. தலைவலி. ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கிய மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு எல்லாரும் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றரைக்கு வழிகாட்டி வந்து, பாறையில் தண்ணீர் ஓடுகிறது, இன்றைக்குக் கிடையாது என்றார். ஒரு பெண் அழுதே விட்டாள். நான் மறுபடி படுத்துவிட்டேன், உண்மையைச் சொன்னால் நிம்மதியாக.

ஆறு மணிக்கு மழை விட்டது. வெளியே வந்து அண்ணாந்தேன். மொட்டைப் பாறை முழுக்க வெள்ளி ஜரிகை மாதிரி அருவிகள், நூறாவது இருக்கும். கீழே மேகம், தரையே இல்லை. ஒரு மணி நேரம் அப்படி நின்றது. ஏழரைக்கு மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

ஆர்க்கிட் அக்கா | ஏப்ரல் 27, இரவு 9.50

உச்சி கிடக்கட்டும் தம்பி. ராஜாவைப் பார்த்தீர்களா?

இருபதாம் வளைவு | ஏப்ரல் 27, இரவு 10.10

பார்த்தேன் அக்கா. ஏறுகிற பாதையில் இல்லை, அடிவாரக் கிராமம் ஒன்றில் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது, நம் வீட்டுச் செப்புக்குடம் மாதிரி நிறம். எட்டிப் பார்த்தேன். உள்ளே நீங்கள் சொன்ன சமாச்சாரம் கறுப்பாக மிதந்தது, கூடவே கொசுப்புழு நெளிந்தது. மச்சினன் முகத்தைச் சுளித்தான். மூஞ்சூறு வருமா என்று அரை மணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை.

வெள்ளைக்கல் | ஏப்ரல் 28, காலை 5.35

கல் ஏதாவது கொண்டுவந்தீர்களா?

இருபதாம் வளைவு | ஏப்ரல் 28, காலை 7.20

இல்லை ஐயா. பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பையில் ஒரு ஓக் காய் போட்டிருந்தேன், வழிகாட்டி கேட் வாசலில் அதையும் வாங்கி மரத்தடியில் வைத்துவிட்டார்.

வெள்ளைக்கல் | ஏப்ரல் 28, காலை 7.31

நல்ல ஆள் அவர். சரி, ஞாயிற்றுக்கிழமை கருப்பூர் பக்கம் வாங்க. சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், வேலிக்கு வெளியிலேயே நம் டூனைட் கிடக்கும், கையில் எடுத்துப் பார்க்கலாம். சைக்கிளிலேயே வரலாம், ஏற்றம் கிடையாது.

தட்டுவடை செட் | ஏப்ரல் 28, காலை 8.04

நானும் வருகிறேன் ஐயா. ஆளுக்கு ரெண்டு செட் என் செலவு.